சைக்கிளோடு ஓர் இரவு: நெடுந்தீவா, ஊர்காவற்றுறைப் பாதையா?

யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு சைக்கிளில் புறப்பட்டு, கடலைப் படகில் தாண்டி, ஓர் இரவு வெளியில் தங்கித் திரும்ப வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, இரவில் ஓடும் பயணிகள் படகு எங்கள் பக்கத்தில் இல்லை என்பதாகும். இரவில் ஏறிப் படுத்து மறுநாள் மறுகரையில் இறங்கும் கப்பல் ஒன்று கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 2011 ஜூன் மாதத்தில் ஓடத் தொடங்கி, அதே ஆண்டு நவம்பரிலேயே நின்றுபோனது. தீவுப்பகுதிப் படகுகள் பகலில் ஓடுபவை. ஆகையால் படகு கொண்டுபோய் விடும் கரையில்தான் இரவைக் கழிக்க வேண்டும். அது எந்தக் கரை, அங்கே சைக்கிள் பயன்படுமா, பாரமாகுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்டுவிட்டால் மற்றவை தானாக அமைந்துவிடும்.

இந்தச் சித்திரை விடுமுறைக்காக எங்கள் வீட்டில் ஒரு மாதமாக இதைப் பற்றிப் பேசி வருகிறோம். நாங்கள் நால்வர், மாமியும் வருவதானால் ஐவர். மகளுக்கு 13 வயது. ரியூசனுக்குத் தினமும் சைக்கிளில் போய் வருபவள் என்பதால் 20 கிலோமீற்றர் அவளுக்குப் பெரிய தூரமல்ல. மகனுக்கு 8 வயது. அவனுடைய சின்னச் சைக்கிள் எங்கள் ஒழுங்கைக்குப் போதுமே தவிர, இருபுறமும் கடல் விரிந்த தாம்போதிக்குப் போதாது. இந்தக் குடும்பத்தை வைத்துத்தான் கீழே உள்ள வழிகளை எடைபோட்டிருக்கிறேன். தனியாளாகவோ நண்பர்களுடனோ போகிறவர்களுக்குக் கணக்கு வேறாக வரலாம்.

கடல் கடப்பது என்றதும் பலருக்கு இப்போது நினைவில் வருவது காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் செல்லும் கப்பல். 2023 ஒக்ரோபரில் தொடங்கிச் சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி ‘சிவகங்கை’ என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கிய அந்தச் சேவையில் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணித்தியாலத்தில் அக்கரையில் இறங்கிவிடலாம். ஆனால் அது கடவுச்சீட்டும் இந்திய விசாவும் எடுத்துக்கொண்டு போகிற பயணம். பொதிகளுக்கு எடை வரம்பும் உண்டு. எங்கள் வழமையான சைக்கிள் ஒன்றே 20 கிலோவை நெருங்கும் என்பதால், மூன்று சைக்கிள்களோடு அந்தக் கப்பலை நினைத்துப் பார்ப்பதில் பயனில்லை. மாரியில் கடல் கொந்தளிக்கும் காலத்தில் சேவையை நிறுத்திவைப்பதும் உண்டு. நாகபட்டினம், வேளாங்கண்ணி, திருவாரூர் என்று கோவில் யாத்திரைக்கு அது நல்ல வழி. சைக்கிள் பயணத்துக்கு உகந்ததல்ல.

நயினாதீவையும் இதே வேகத்தில் ஒதுக்கிவிடலாம். புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறையிலிருந்து கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் படகில் இருந்தால் நாகபூசணி அம்மன் கோவில் வாசலில் இறங்கிவிடுகிறோம். கோவிலும் நாகவிகாரையும் கால்நடைத் தூரத்தில் இருக்கின்றன, தீவே சிறியது. அங்கே சைக்கிளை ஏற்றி இறக்குவதற்குச் செலவாகும் நேரத்தில் முழுத் தீவையும் நடந்து பார்த்துவிடலாம். ஆனித் திருவிழா நடக்கும் நாட்களில் படகில் ஆள் நிற்கவே இடம் இராது. எழுவைதீவு, அனலைதீவு ஆகிய இரண்டுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகு உண்டு. அங்கே உறவினர் வீடு இருப்பவர்கள் தாராளமாகச் சைக்கிளோடு போகலாம். எங்களுக்கு அப்படி எவரும் இல்லாததால் அவற்றையும் விட்டுவிட்டேன். மீதமிருப்பவை இரண்டு: காரைநகர் வழியாக ஊர்காவற்றுறைக்குப் பாதையில் கடந்து தீவுப்பகுதியை ஒரு சுற்றுச் சுற்றி வருவது, அல்லது நெடுந்தீவுக்குப் போய் ஓர் இரவு தங்குவது.

‘பாதை’ என்றால் வெளியூரவர்கள் தெரு என்று எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய கடலில் ஆட்களையும் சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவை. அதில் ஏறக் கட்டணம் இல்லை, படி இல்லை, தூக்கிக் கொடுக்கவோ வாங்கவோ ஆள் தேவையில்லை. கரையோடு அணைந்ததும் இரும்புப் பலகையைத் தணிப்பார்கள், சைக்கிளை உருட்டிக்கொண்டே உள்ளே போய் ஸ்ராண்டில் நிறுத்திவிடலாம். சில நிமிடங்களில் அக்கரை. பாதை நகரும்போது இடையில் கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டை கண்ணுக்கு நேரே தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் திருத்திய கோட்டை அது. ஒல்லாந்தர் அதற்கு வைத்த ஹம்மன்கீல் என்ற பெயருக்குப் பன்றித் தொடையின் குதி என்று பொருள். இதைக் கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்கள் காரைதீவை, அதாவது இன்றைய காரைநகரை, அம்ஸ்ரடாம் என்றும், வேலணையை லைடன் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும், அனலைதீவை ரொட்டடாம் என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களால் அழைத்தார்கள். இன்று உலகத்திலேயே சைக்கிளுக்குப் பெயர்போன நாட்டவர்கள் அவர்கள் என்பதை நினைக்கும்போது, சைக்கிளில் இந்தத் தீவுகளைச் சுற்றுவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

மானிப்பாய், சங்கானை, சித்தங்கேணி வழியாகப் பொன்னாலைக்குப் போய், தாம்போதியைத் தாண்டிக் காரைநகரில் ஏறி, கசூரினாக் கடற்கரையில் மதியம் இளைப்பாறி, பாதையில் ஊர்காவற்றுறைக்குக் கடந்து, இரவு அப்பக்கத்தில் தங்கி, மறுநாள் வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பண்ணைத் தாம்போதி வழியாக வீடு திரும்பினால் ஏறத்தாழ 50 கிலோமீற்றரில் வட்டம் முடிந்துவிடும். இரண்டு நாட்களுக்குப் பங்கிட்டால் மகளுக்கு இது இலகு. கசூரினாவில் கடல் நெடுந்தூரத்துக்கு ஆழமின்றி இருப்பதால் மகனைப் பற்றிய கவலையும் குறைவு. இந்த வழியின் மிகப் பெரிய நன்மை வேறொன்று. திருத்த வேலைக்காகப் பாதை நின்றுவிட்டாலோ, மாலையில் கடைசிச் சேவையைத் தவறவிட்டாலோ, நாங்கள் எங்கும் அகப்பட்டுக்கொள்ள மாட்டோம். வந்த வழியே திரும்பலாம், ஓட்டோ பிடிக்கலாம், தெரிந்த ஒருவரை வாகனத்தோடு வரச் சொல்லலாம். கடலைக் கடந்தோம் என்ற சந்தோசமும் கிடைக்கும், தரைவழியும் கைவசம் இருக்கும்.

குறையும் அதிலேதான் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தெருக்கள் புதியவை அல்ல. பாட்டி வீட்டுக்கும் கோவில் திருவிழாவுக்கும் போன தெருக்கள். பாதையில் இருக்கும் நேரம் ஒரு ஐஸ்பழம் தின்று முடிப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. எந்த நேரமும் வீடு திரும்பலாம் என்ற நினைப்பு இருந்தால், இரவு எட்டு மணிக்கு நுளம்பு கடிக்கத் தொடங்கியதும் ‘வீட்டுக்கே போயிருக்கலாமே’ என்ற பேச்சு எழும். எங்கள் குடும்பத்தில் அந்தப் பேச்சை யார் தொடங்குவார் என்பதும் எனக்குத் தெரியும்.

நெடுந்தீவில் அப்படித் திரும்பிவர வழியில்லை. குறிகாட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் திறந்த கடலில் போக வேண்டும். குமுதினி, வடதாரகை, 2017இல் சேவைக்கு வந்த நெடுந்தாரகை, இவற்றோடு தனியார் படகுகள் என்று எது அன்று ஓடுகிறதோ அதில் ஏற வேண்டும். தீவு மக்கள் நகரத்துக்கு வந்து அலுவல் பார்த்துத் திரும்புவதற்கு ஏற்றபடிதான் படகு நேரங்கள் அமைந்திருக்கின்றன, அது நியாயமானதும்கூட. இதனால் காலையில் போய்ப் பிற்பகலில் திரும்புகிற சுற்றுலாப் பயணிக்குத் தீவில் கிடைப்பது சில மணித்தியாலங்களே. அந்த நேரத்துக்குள் கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம், வளரும் கல் என்று ஓட்டோவில் ஓடி ஓடிப் படம் எடுத்துக்கொண்டு, கடைசிப் படகைப் பிடிக்க வெயிலில் துறைக்கு ஓடிவருவது ஒரு பயணமாகாது. மூன்று வருடங்களுக்கு முன் நாங்கள் அப்படித்தான் போய் வந்தோம். குதிரைகளைத் தூரத்தில் புள்ளிகளாகப் பார்த்ததுதான் மிச்சம்.

நெடுந்தீவுக் குதிரைகள் தீவின் தெற்கு வெளிகளில் மேய்பவை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்த குட்டைக் குதிரைகள். அந்த வெளியின் பெரும்பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உச்சிவெயிலில் அவை மரநிழலையோ பற்றையோரத்தையோ தேடி ஒதுங்கிவிடும். அவற்றை அருகில் காண வேண்டுமானால் வெயில் தாழ்ந்த பின்னரோ விடியற்காலையிலோ அங்கே நிற்க வேண்டும். பகல் பயணிக்கு அந்த இரண்டு நேரமும் கிடைப்பதில்லை. ஆகவே நெடுந்தீவில் ஓர் இரவு தங்குவது ஆடம்பரம் அல்ல. போன காரியம் நிறைவேறுவதற்கே அது தேவை. தங்கினால் சைக்கிளும் தேவை. படகு அணையும் மாவிலித்துறையிலிருந்து தீவின் தென்முனையிலுள்ள பழைய வெளிச்சக்கூடு வரை 10 கிலோமீற்றருக்குள் அடங்கும் தூரம். நடப்பதற்கு நீளம், ஓட்டோவுக்குக் குறைவு, சைக்கிளுக்குச் சரியான அளவு. மேடு கிடையாது. வாகனங்கள் அரிது. இருபுறமும் சாந்து பூசாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள் நெஞ்சளவு உயரத்தில் நீண்டு போகும். கல்லுக்குக் கல் எந்த ஒட்டும் இல்லாமல் அவை எப்படி நிற்கின்றன என்று எட்டிப் பார்க்க ஒவ்வொரு வளைவிலும் இறங்கத் தோன்றும். ஓட்டோவில் போகிறவர் இறங்கச் சொல்லிக் கேட்கக் கூச்சப்படுவார்.

அடுத்த கேள்வி, சைக்கிளை இங்கிருந்து கொண்டு போவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா என்பது. துறையில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும். பெரியவர் இருவர் ஒரு பகலுக்கு எடுப்பதானால் அதுவே புத்தி. ஆனால் 13 வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு இருக்கையைத் தணித்துத் தரக்கூடிய, பிரேக் நம்பத்தக்க சைக்கிள் அன்று அங்கே நிற்குமா என்பதை இங்கிருந்து உறுதிப்படுத்த முடியாது. இரண்டு நாள் வாடகையைக் கூட்டிப் பார்த்தால், படகில் ஏற்றுவதற்குக் கொடுப்பதோடு பெரிய வித்தியாசமும் வராது. எனவே பகல் பயணத்துக்கு வாடகைச் சைக்கிள் அல்லது ஓட்டோ, இரவுத் தங்கலுக்குச் சொந்தச் சைக்கிள் என்பது என் முடிவு.

சொந்தச் சைக்கிளைப் படகில் ஏற்றுவது முதல் தடவை கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். சென்ற வருடம் நான் தனியே ஒரு தடவை கொண்டுபோய்ப் பார்த்தேன். துறைக்கும் படகின் விளிம்புக்கும் இடையில் நீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒருவர் நின்று முன் சக்கரத்தைத் தூக்கிக் கொடுக்க, மேலே நின்றவர் படகு உயரும் கணத்துக்காகக் காத்திருந்து பாரில் பிடித்து ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டார். “தம்பி, ஹாண்டிலைத் திருப்பும், இல்லாட்டி ஆக்களுக்குக் குத்தும்” என்றார். திருப்புவதற்கு என்னிடம் சாவி (ஸ்பானர்) இல்லை. அவரிடம் இருந்தது, இடுப்பிலே செருகி வைத்திருந்தார். ஹாண்டிலைச் சக்கரத்தோடு ஒரே கோட்டில் திருப்பி, பெடலை உட்பக்கமாக வைத்து, வெங்காய மூட்டைகளுக்கும் சீமெந்துப் பைகளுக்கும் பக்கத்தில் சாய்த்துக் கட்டினோம். அடுத்த சைக்கிளின் பெடல் என் மட்கார்ட்டில் ஒரு கோடு போட்டதைத் தவிர வேறு சேதம் இல்லை. அன்றிலிருந்து பழைய ரியூப்பை நீளவாக்கில் வெட்டிய நான்கு பட்டிகளையும் ஒரு சாவியையும் ஒரு பழஞ்சாக்கையும் இதற்கென்றே எடுத்து வைத்திருக்கிறேன்; கயிறு நனைந்தால் முடிச்சு அவிழாது, ரியூப் பட்டி நனைந்தாலும் கைக்கு வரும்.

உப்பை மறக்கக் கூடாது. முன்பக்கத்தில் கட்டிய சைக்கிளின் மேல் ஒரு மணித்தியாலம் கடல் தெறித்தால், மறுநாள் காலையில் செயின் செந்நிறமாகிவிடும். இறங்கியதும் ஈரத் துணியால் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் இரண்டு துளி விட்டால் போதும். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் அருமை என்பதால், சைக்கிள் கழுவ வாளி கேட்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். கோடையில் அங்கே குடிதண்ணீருக்காகக் குடங்களோடு போகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அப்படிக் கேட்க வாய் வராது. கற்தெருவும் முள்ளும் சேர்ந்தால் ரியூப் தாங்காது. ஒட்டுப் போடும் சாமானும் பம்பும் கட்டாயம்.

படகுக்குள் இருக்கும் ஒரு மணித்தியாலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மரப்படகில் பயணிகள் கீழே இறங்கி அதன் வயிற்றுக்குள் உட்காருவார்கள். டீசல் மணமும் ஆட்டமும் சேர்ந்தால் பழக்கமில்லாதவருக்குக் குமட்டும். மகனுக்குக் காலையில் பாணும் வாழைப்பழமும் மாத்திரம் போதும், பால்தேநீர் வேண்டாம் என்பது மனைவியின் தீர்ப்பு. குமுதினியில் ஏறும்போது, 1985 மே 15ஆம் திகதி அந்தப் படகில் பயணம் செய்தவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கடலில் வைத்துக் கொல்லப்பட்டதை மகளுக்குச் சொல்ல வேண்டிவரும். ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிற நிகழ்வு அது, கரையிலே யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதைவிட எங்களிடம் கேட்பது நல்லது.

எப்போது போவது என்பதைக் காற்றுத்தான் சொல்லும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகாட்டுவான் நோக்கிப் போகிறவருக்கு அது நேர் எதிர்க்காற்று; பண்ணைத் தாம்போதியிலும், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியிலும் ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். மாரியில் வாடை அடிக்கும்போது இது தலைகீழாகும்: போகும்போது இலகு, களைத்துத் திரும்பும்போது எதிர்ப்பு. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இரண்டாவது மோசமானது. வாடைக் காலத்தில் கடலும் கடுமையாக இருக்கும், படகு நிற்கும் நாளும் வரும். இரண்டு காற்றும் ஓய்ந்து கடல் குளம்போலக் கிடப்பது பங்குனியிலும் சித்திரையிலும். வெயில் கொளுத்தும் என்பது உண்மைதான். ஆனால் வெயிலுக்குத் தொப்பி உண்டு, எதிர்க்காற்றுக்கு ஒன்றும் இல்லை. பாதைச் சுற்றுக்கு இந்த அளவு கவனம் தேவையில்லை, ஆவணியிலும் போகலாம்.

மாமி வருவாரானால் இந்தக் கணக்கு மாறும். படகின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்குவது முழங்கால் வருத்தம் உள்ளவருக்குச் சிரமம். இடையில் யாராவது கைகொடுத்தாலும், அலை ஏறி இறங்கும் கணத்தைப் பார்த்துக் காலை வைக்க வேண்டும். அவரோடு போவதென்றால் நான் தயங்காமல் பாதைச் சுற்றையே எடுப்பேன்: அவரும் மகனும் ஓட்டோவில் காரைநகருக்கு வர, நாங்கள் மூவரும் சைக்கிளில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். பாதையில் அவர் நடந்தே ஏறலாம். ஆனால் ‘நெடுந்தீவில் கள்ளும் இல்லை, கோவில் திருவிழாவும் இல்லை, அங்கே என்ன பார்க்கப் போறியள்’ என்று அவரே கேட்டு, இந்தத் தடவை வரவில்லை என்று சொல்லிவிட்டார். நெடுந்தீவில் பனைக்குக் குறைவில்லை என்று நான் திருத்தப் போகவில்லை.

ஆகவே நெடுந்தீவு என்று தீர்ந்தது. குறிகாட்டுவான் வரை மூன்று சைக்கிள்களையும் பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றில் ஏற்றி, நாங்களும் அதிலேயே போகிறோம். காலைப் படகுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டியிருப்பதால், 30 கிலோமீற்றருக்கு மேல் மிதித்துக் களைத்த பிள்ளையைப் படகில் ஏற்றுவது சரியல்ல. திரும்பும்போது நேரம் எங்களுடையது என்பதால், மனைவியும் மகனும் துறையிலிருந்து பஸ்ஸில் வர, நானும் மகளும் வாணர் தாம்போதி வழியாகச் சைக்கிளில் வருகிறோம். மனைவியின் சைக்கிளை மட்டும் தெரிந்த ஒருவரின் வாகனத்தில் ஏற்றிவிட ஒழுங்கு செய்திருக்கிறேன். தீவில் தங்குமிடங்கள் சிலவே இருப்பதால் இரண்டு கிழமைக்கு முன்பே தொலைபேசியில் பேசி, இரவுச் சாப்பாட்டுக்கும் சொல்லிவைத்தாயிற்று. மகன் என் கரியரில்தான் வருவான். அதற்காக ஒரு மெத்தைத் துண்டைக் கட்டி, அவன் கால் கம்பிக்குள் போகாதபடி பின் சக்கரத்தின் இருபக்கமும் வலை அடித்திருக்கிறேன். புறப்படுவதற்கு முதல்நாள் மாலை துறையில் அழைத்து, மறுநாள் எந்தப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்பது மட்டும் மிச்சம்.